நியானும் என் மழைத்தண்ணி வாளியும்

கிரிக்கெட்டில் ஒரு ஓவர் முடிந்து அடுத்த ஓவர் தொடங்குவதற்குள் விஞ்ஞானத்தை வளர்த்த மனிதன் இந்த உலகத்திலேயே ஒருவன்தான். அவனைப் பார்த்து மூன்று வருஷம் விடாமல் வயிறு எரிந்தவனும் ஒருவன்தான். முதல் ஆள் நியான். இரண்டாவது ஆளான நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நியான் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. வீட்டில் வைத்த பெயர் என்னவென்று விடுதியில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஊரிலிருந்து அவன் அம்மா போன் செய்தால்கூட, வாட்ச்மேன், "நியானா? மேல இருக்காரும்மா, ஏதோ பொகையுது" என்பார். 2006-இல் சிதம்பரத்தில் நாங்கள் இருவரும் ஒரே பேராசிரியரிடம் வேதியியல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தோம். விடுதியிலும் ஒரே அறை. நான் கடலூர் மஞ்சக்குப்பம். அப்பா அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா என்பதால் பென்சிலைக்கூட உயர வரிசையில் அடுக்கி வைக்கிற பரம்பரை. அவன் சேத்தியாத்தோப்புப் பக்கம், கரும்பு போடுகிற குடும்பம். அவன் மேஜையில் பென்சிலே கிடையாது. எழுத வேண்டுமென்றால் என்னுடையதை எடுப்பான்.

ஹைட்ரஜன் பெராக்சைடு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. முட்டியில் அடிபட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் நர்ஸம்மா ஒரு பழுப்புப் பாட்டிலிலிருந்து ஊற்றுவார், புண் வெள்ளையாக நுரைக்கும், நாம் கத்துவோமே, அதுதான். என் ஆராய்ச்சியே அந்தப் பாட்டிலை நம்பித்தான் ஓடியது. சாயப்பட்டறைக் கழிவுநீரில் பெராக்சைடை ஊற்றி, துளி இரும்பு உப்பைப் போட்டால், இரும்பு பெராக்சைடை உடைக்கும், உடைந்த துண்டுகள் சாயத்தைத் தின்றுவிடும். பெராக்சைடும் மிச்சமில்லாமல் காலியாகும். இரும்பு பட்டால் பெராக்சைடு தங்காது. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிற்பாடு ரொம்ப அவமானத்தைத் தேடித் தந்த வரி.

முதல் மாதமே நியான் என் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைப் போயி வெலைக்கு வாங்குவாங்களா மச்சான்?" என்றான்.

"வேற எப்படி?"

"தண்ணியில ஆக்சிஜன் ஒண்ணு. இதுல ரெண்டு. ஒண்ணுதான ஜாஸ்தி? தண்ணி மேல சின்னதா ஒரு மின்னல உட்டா தண்ணி ஒடையும். ஒடைஞ்சதுல பாதி தானா இப்படிச் சேந்துக்கும். பிளாஸ்மாடா. கரண்டு இருந்தா போதும், கடைக்கே போவ வேணாம்."

சொன்னது சரிதான். நானும் படித்திருந்தேன். படித்ததைச் செய்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியது. என் பொறாமைக்கு அன்றைக்குத்தான் பிள்ளையார் சுழி விழுந்தது.

ஆனால் மின்னலுக்குப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். அதற்கான கருவி விலையைக் கேட்டால் எங்கள் துறையே மயங்கி விழும். இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த யோசனை அப்படியே கிடந்தது. அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "முதுநகர்ல ஜங்ஷன் பக்கத்துல ஒரு லாட்ஜில நியான் போர்டைக் கழட்டிட்டு ஃபிளெக்ஸ் மாட்டறாங்க. அந்த டிரான்ஸ்ஃபார்மர வேணா கேட்டுப் பாரு" என்று கிண்டலாகத்தான் சொன்னேன். அடுத்த அரைமணியில் என்னையும் இழுத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

லாட்ஜ் மேனேஜர், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார். திரும்பும்போதுதான் வேடிக்கை. பச்சைக் குழந்தையை வைத்திருக்கிற மாதிரி அந்த இரும்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நியான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். கண்டக்டர் வந்தார்.

"அது இன்னாப்பா பொட்டி?"

"டிரான்ஸ்ஃபார்மர்ணே. பதினைஞ்சாயிரம் வோல்ட்டு."

"கரண்டு இருக்குதா?"

"இப்ப இல்லண்ணே."

அந்த "இப்ப" என்ற சொல்லைக் கேட்டதும் எங்களைச் சுற்றி மூன்று வரிசை காலியானது. நிற்கக்கூட இடமில்லாத பஸ்ஸில் நாங்கள் இருவரும் கால் நீட்டிக்கொண்டு சிதம்பரம் வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து அவன் பெயர் நியான்.

பெட்டியை முதல்முறை ஆய்வகத்தில் போட்டபோது கட்டடம் முழுக்க ஃபியூஸ் போயிற்று. "ஆராய்ச்சிக் கமிட்டி முன்னாடி செஞ்சு காட்டுற அன்னைக்கி மட்டும் இதை இங்க கொண்டு வா. அதுவரைக்கும் உன் ரூம்லயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டார் பேராசிரியர். உன் ரூம் என்றால் என் ரூமும்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. என் கட்டிலுக்கும் அவன் கட்டிலுக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பாத்திரம், அதில் தண்ணீர், மேலே ஒரு கம்பி, கம்பி நுனியிலிருந்து தண்ணீர்மீது ஊதா நிறத்தில் நெளிந்து ஆடும் ஒரு நூல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் அறைக்கு நேர் கீழே டி.வி. ஹால். இவன் ஸ்விட்சைப் போட்டால் அங்கே திரை முழுக்கப் புள்ளி. இந்தியா பேட்டிங், கடைசி மூன்று ஓவர், இவன் ஸ்விட்சைப் போட்டான். நாற்பது பேர் மாடி ஏறி வந்தார்கள், இரண்டு பேர் கையில் நிஜமான பேட். நான் உள்ளூர மகிழ்ச்சியோடு கதவைத் திறந்துவிட்டேன்.

பத்தே நிமிஷத்தில் ஒப்பந்தம் முடிந்தது. ஓவர் முடிந்து விளம்பரம் ஓடும்போது மட்டும் ஆராய்ச்சி. விளம்பரம் வந்ததும் கீழிருந்து "நியான், போடு!" என்று ஒரு குரல். பந்து வீச வந்ததும் "நிறுத்து!" என்று நாற்பது குரல். அவன் ஆய்வு நோட்டில் நேரத்துக்கான கட்டத்தில் நிமிஷக் கணக்கே கிடையாது. "14 விளம்பரம்" என்று எழுதியிருக்கும். விக்கெட் விழுந்தால் "போனஸ்" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பான்.

அந்த நோட்டைப் பேராசிரியர் பார்த்தார். தொலைந்தான் என்று நினைத்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "இவனுக்கு ஒரு டீ சொல்லுப்பா" என்றார் என்னிடம். நான் மாதாமாதம் தட்டச்சு செய்து, ஓரம் வெட்டி, கோப்பில் போட்டுக் கொடுத்த அறிக்கைகளுக்கு அவர் மூன்று வருஷத்தில் சொன்னது "ம்". வேறு ஒரு எழுத்து கிடையாது. அந்த டீயை வாங்கிவரப் போனவனும் நான்தான். வழியெல்லாம் காதில் புகை.

ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்களுக்குப் பொறுப்பு முதுநகர் ஜெசிந்தா அக்கா. ஒரு பீக்கர் வேண்டுமென்றால் என்னிடம் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்குவார். நியான் மாதம் நான்கு உடைப்பான். "கைய கிழிச்சிக்கிட்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத் தன் டிபன் டப்பாவிலிருந்து சங்கரா மீன் குழம்பு வேறு ஊற்றுவார். நான் மூன்று வருஷம் ஒரு சோதனைக்குழாய்கூட உடைக்கவில்லை. ஒரு மீன் முள்கூட எனக்கு வந்ததில்லை.

இத்தனைக்கும் அவனுக்குப் பெராக்சைடு ஒரு சொட்டுகூட வரவில்லை. அதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல்.

பெராக்சைடு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். டைட்டானியம் கரைசலைச் சில சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். எட்டு மாதம் அவன் விட்டுக்கொண்டே இருந்தான். எட்டு மாதமும் அது குழாய்த் தண்ணீர் மாதிரியே உட்கார்ந்திருந்தது. கம்பியை மாற்றினான், இடைவெளியை மாற்றினான், பாத்திரத்தை மாற்றினான். தண்ணீரை மட்டும் மாற்ற மாட்டேன் என்று அடம். விடுதி போர்வெல் தண்ணீர்தான் வேண்டும்.

"டிஸ்டில்டு வாட்டர்ல செஞ்சு பாரேன்" என்று பேராசிரியரே ஒரு தடவை சொன்னார்.

"எங்கூர் ஆஸ்பத்திரியில பாட்டில் வரலன்னு நர்ஸம்மா கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க சார். அங்க இருக்கறது பம்புத் தண்ணிதான். பம்புத் தண்ணியில வரலன்னா இது எதுக்கு சார்?"

அதற்கும் பேராசிரியர் ஒரு டீ சொன்னார்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். எங்கள் விடுதித் தண்ணீரில் இரும்பு. வாளி அடியில் செம்பழுப்பாகப் படியும். வெள்ளைச் சட்டையை நாலு முறை துவைத்தால் காவி. விடுதியில் அத்தனை பேர் சட்டையும் அந்த நிறம்தான், என்னுடையதைத் தவிர. ஏனென்றால் எனக்கு விஷயம் தெரியும். இரும்போடு குடும்பம் நடத்துகிற ஆராய்ச்சி என்னுடையது. மழைக்காலத்தில் மொட்டைமாடிக் குழாய்க்குக் கீழே என் நீல வாளியை வைத்து மழைத்தண்ணீர் பிடித்து, அதில்தான் சட்டையை அலசுவேன். வெயில் காலத்தில் சலவைக்கு மஞ்சக்குப்பம் போய்விடும்.

ஆகவே நியானுக்கு ஏன் மஞ்சள் வரவில்லை என்பதும் எனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. அவன் மின்னல் பெராக்சைடை ஒழுங்காகத்தான் உண்டாக்குகிறது. தண்ணீரில் இருக்கிற இரும்பு அதை அங்கேயே தின்றுவிடுகிறது. "டேய், தண்ணியில இரும்பு" என்ற மூன்று சொல் போதும். டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் வாயைத் திறந்து பட்டது போதும் என்று அந்த மூன்று சொல்லையும் எட்டு மாதம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

ஒருநாள் அவனே வந்து கேட்டான். "உன் சட்டை மட்டும் எப்படிடா இவ்ளோ வெள்ளையா இருக்குது?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கடவுளே நேரில் வந்தாலும் தரமாட்டார். நான் சொன்னேன்: "சோப்பு."

"இன்னா சோப்பு?"

"பேரு மறந்துட்டேன். அப்பா வாங்கித் தர்றது."

"அடுத்த தடவ ஊருக்குப் போனா எனக்கும் ஒண்ணு வாங்கியாடா" என்று நம்பிக்கையோடு சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு தடவை கமிட்டி முன்னால் வெறுங்கையோடு நின்றான். மூன்றாவது தடவையும் முடிவு இல்லையென்றால் பதிவை ரத்து செய்துவிடுவோம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். அவனுக்காகச் சேத்தியாத்தோப்பில் மாமாவின் உரக்கடையில் ஒரு ஸ்டூல் தயாராக இருந்தது. "உரமும் கெமிஸ்ட்ரிதானடா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் வழக்கமான சத்தம் இல்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, அவன் போய்விட்டால் டீயெல்லாம் எனக்குத்தான் என்று கணக்கும் போட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மூன்றாவது கமிட்டி ஐப்பசி மாதத்தில் வந்தது. முதல்நாள் சாயங்காலம் நல்ல மழை. விடிந்தால் கரண்டு இல்லை. மோட்டார் ஓடவில்லை. விடுதித் தொட்டி காலி, ஆய்வகத் தொட்டியும் காலி. பத்தரைக்குக் கரண்டு வந்தது. பதினோரு மணிக்குக் கமிட்டி. குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. நியான் ஒரு குடம் கூட விடாமல் விடுதி முழுக்கத் தேடிக்கொண்டிருந்தான். நான் படியிறங்கி வரும்போது என் நீல வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.

அந்த வாளி என்ன செய்யும் என்று அந்தப் பல்கலைக்கழகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான்.

"டேய்! அது என் வாளிடா!"

"ரெண்டு லிட்டர்தான் மச்சான். சாயங்காலம் ரொப்பித் தரேன்."

"அது சட்டை அலச வெச்சது!"

அவன் நின்று திரும்பினான். "உனக்குச் சட்டை முக்கியமா, என் பி.எச்டி. முக்கியமா?"

"சட்டை" என்றேன்.

நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஓடிவிட்டான். நான் பின்னாலேயே ஓடினேன், எதற்கென்று எனக்கே தெரியாமல்.

ஆய்வகத்தில் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர். பேராசிரியர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டார். நியான் ஸ்விட்சைப் போட்டான். இந்தத் தடவை ஃபியூஸ் போகவில்லை. ஊதா நூல் கால்மணி நேரம் தண்ணீர்மீது ஆடியது. அணைத்தான். டைட்டானியத்தை எடுத்துச் சொட்டு விட்டான்.

மஞ்சள். எலுமிச்சைச் சாதத்தின் நிறத்தில், யாரும் கண்ணைச் சுருக்கிப் பார்க்கத் தேவையில்லாத மஞ்சள்.

"ஐயோ மாதாவே, வந்துடுச்சு சார்!" என்று கத்தினார் ஜெசிந்தா அக்கா. வெளியூரிலிருந்து வந்த கமிட்டிக்காரர் அசரவில்லை. மின்னல் படாத அதே தண்ணீரிலும் சொட்டு விடச் சொன்னார். விட்டான். நிறம் இல்லை. அப்போதுதான் அவர் முகம் மலர்ந்தது.

"எட்டு மாசமா வராதது இன்னைக்கி எப்படித் தம்பி வந்துச்சு?"

நியானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். "எல்லாம் அதேதான் சார். தண்ணி மட்டும் வேற. இவன் வாளில இருந்த மழைத்தண்ணி."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பேராசிரியர் என்னைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார், நியானின் காவிச் சட்டையைப் பார்த்தார், கடைசியாக என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். அன்றைக்கென்று அது பளபளவென்று இருந்தது.

"ஹாஸ்டல் தண்ணியில இரும்பா?" என்றார் மெதுவாக. "நீ இரும்புலதானப்பா தீசிஸ் எழுதற? இவன்கூட ஒரே ரூம்ல இருக்கற. உனக்கு இது தெரியாதா?"

நியான் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வருவது எனக்குத் தெரிந்தது: வாளி, சட்டை, சோப்பு. எட்டு மாதம். உரக்கடை ஸ்டூல். செத்தோம் என்று தரையைப் பார்த்தேன்.

"அவன் அப்பவே சொன்னான் சார்" என்றான் நியான். "நான்தான் காதுல வாங்கல."

ஒரு நொடிகூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

பேராசிரியர் அவனை ஐந்து நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கினார். "நல்லது சொன்னா கேக்கணும்டா! இவனப் பாரு, எவ்ளோ கவனமா வேலை செய்யறான். கூடவே இருந்துகிட்டு இவன்கிட்ட ஒண்ணுமே கத்துக்கலியா?" பிறகு என் தோளில் தட்டி, "இவனுக்கு ஒரு டீ சொல்லுப்பா" என்றார். மூன்று வருஷமாக ஏங்கிய டீ. நியான்தான் போய் வாங்கிக்கொண்டு வந்தான். ஜெசிந்தா அக்கா அன்றைக்கு எனக்கும் மீன் குழம்பு ஊற்றினார். டீயும் இறங்கவில்லை, குழம்பும் இறங்கவில்லை.

சாயங்காலம் விடுதிக்கு நடந்தோம். காலி வாளி அவன் கையில் ஆடிக்கொண்டே வந்தது. திட்டுவான், அடிப்பான், இரண்டுக்கும் தயாராகத்தான் நடந்தேன். பாதி வழியில் அவன் வாயைத் திறந்தான்.

"அந்த சோப்பு பேரு இன்னாடா மச்சான்?"

அவன் சிரித்தான், பழைய சத்தத்தோடு. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே அவன் யாரிடமும் எடுத்ததில்லை.

நியான் பட்டம் வாங்கினான். இப்போது வடக்கே ஒரு ஆய்வகத்தில் இருக்கிறான். அவன் ஊரில் மாட்டு வைத்தியர் ஒருவருக்கு ஒரு மின்னல் பெட்டி செய்து கொடுத்திருக்கிறான். மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு அவர் மாடுகளின் குளம்புப் புண் கழுவுகிறாராம். பம்புத் தண்ணீரில் முதலில் இரும்பை எடுப்பது எப்படி என்று இன்னமும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறான். நான் கடலூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பென்சில்கள் உயர வரிசையில் இருக்கின்றன.

ஒவ்வொரு ஐப்பசியிலும் முதல் மழைக்குப் போன் செய்வான். "மழ வந்துச்சா? வாளிய வெச்சியா? சோப்பு பேரு ஞாபகம் வந்துச்சா?" நானும் வருஷத்துக்கு ஒரு பெயரைச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். "அப்படியா, வாங்கிப் பாக்கறேன்" என்பான்.

இந்த வருஷம் என்னால் முடியவில்லை. "சோப்பெல்லாம் ஒண்ணும் இல்லடா. எனக்கு மொதல் வாரமே தெரியும். உம்மேல பொறாமையில சொல்லாம உட்டுட்டேன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"பரவால்ல, உடு" என்றான். "டிரான்ஸ்ஃபார்மர் எங்க இருக்குதுன்னு சொன்னவன் நீதானடா."

அவன் மின்னலைப் பார்த்து எரிந்திருக்கிறேன், டீயைப் பார்த்து எரிந்திருக்கிறேன், மீன் குழம்பைப் பார்த்து எரிந்திருக்கிறேன். அதெல்லாம் ஆறிவிட்டது. எனக்காக ஒரு நொடிகூட யோசிக்காமல் ஒரு பொய் சொன்னானே, அதன் மேல் இருக்கிற பொறாமை மட்டும் ஆறவே இல்லை. இதை எழுதி முடித்ததும் மாடிக் குழாய்க்குக் கீழே வாளியை வைக்கப் போகிறேன். இரண்டு வாளி. ஒன்று அவனுக்கு.